கீவேர்டு தேட ஏஐ கருவிக்குக் காசு கட்டுமுன்

காங்கேயம் பக்கத்தில் எங்கள் சித்தப்பா வாகை மரச்செக்கு போட்டு கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆட்டுகிறார். கடை வியாபாரம் அவர் பாடு, இணையத்தில் விற்பது என் பாடு. நான் கோவையில் ஒரு கம்பெனி வேலையில் இருக்கிறேன். ராத்திரி சாப்பிட்டு முடித்த பிறகுதான் தளத்தைத் திறக்கவே நேரம் கிடைக்கும். இப்படிப்பட்ட ஆளுக்கு 'கூகுளில் மக்கள் என்ன தேடுகிறார்கள் என்று ஏஐ கண்டுபிடித்துத் தரும், நீங்கள் எழுதினால் போதும்' என்று விளம்பரம் வந்தால் கை சும்மா இருக்குமா? சந்தா, கிரெடிட், அந்தக் கருவி சொன்ன தலைப்புகளுக்குக் கட்டுரை எழுதக் கொடுத்த கூலி என்று எல்லாம் சேர்ந்து எழுபதாயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. கூடவே ஒரு தீபாவளி சீசனும் போனது, எண்ணெய்க் கடைக்காரனுக்கு அதுதான் பெரிய இழப்பு. வாங்குவதற்கு முன்னால் நானும் தேடிப் படித்தவன்தான். கிடைத்ததெல்லாம் 'டாப் 10 கருவிகள்' பட்டியல், ஒவ்வொன்றின் அடியிலும் கமிஷன் லிங்க். தமிழில் விற்கிறவனுக்கு அந்தக் கருவிகள் எப்படி நடந்துகொள்ளும் என்று யாருமே எழுதவில்லை. அதனால்தான் இது.

கீவேர்டு என்றால் மக்கள் கூகுளில் தட்டும் தேடல் சொல். முதலில் காசில்லாத வழியைச் சொல்கிறேன். ஏஐ சாட்பாட் ஒன்றிடம், 'மரச்செக்கு எண்ணெய் விற்கிறேன், தமிழ்நாட்டில் அதிகம் தேடப்படும் 50 கீவேர்டுகளை மாதாந்திரத் தேடல் எண்ணிக்கையோடு கொடு' என்று கேட்டேன். அழகான அட்டவணை வந்தது. 8,100, 2,900, 1,300, 720 என்று எண்கள். பார்க்கிறவனுக்குச் சந்தேகமே வராது. ஒரு வாரம் கழித்து அதே கேள்வியை மறுபடி கேட்டேன். அப்போது 8,100 இருந்த இடத்தில் 1,600. இன்னொரு சொல்லுக்கு நேர்மாறாக ஏறியிருந்தது. எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டதும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மூன்றாவதாக ஒரு அட்டவணை கொடுத்தது.

அந்த எண்கள் ஏன் அவ்வளவு நிஜம்போல இருந்தன என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. விளம்பரதாரர்களுக்காக கூகுள் வைத்திருக்கும் கீவேர்டு பிளானர் என்ற கருவி, தேடல் எண்ணிக்கையை ஒன்று இரண்டு என்று துல்லியமாக எண்ணிச் சொல்வதில்லை. 90, 110, 140, 170, 210, 260, 320, 390 என்று சில படிகளை வைத்துக்கொண்டு, பக்கத்துப் படிக்கு உருட்டித் தருகிறது. 720, 1,300, 2,900, 8,100 எல்லாம் அந்தப் படிகளில் வருகிறவைதான். இணையத்தில் எஸ்இஓ (தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலை) பற்றி எழுதினவர்கள் எல்லாரும் இந்த எண்களைத்தான் பத்தி பத்தியாகப் போட்டிருக்கிறார்கள். சாட்பாட் படித்து வளர்ந்தது அதையெல்லாம்தான். ஆகவே எண்ணின் முகம் சரியாக இருக்கிறது, உள்ளே சரக்கு இல்லை. சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் எதுவாக இருந்தாலும் சரி, தேடல் எண்ணிக்கை வைத்திருக்கும் ஒரு தரவுத்தளத்தோடு இணைக்கப்படாதவரை எந்த மொழி மாடலுக்கும் அது தெரிய வழியில்லை. இணையத்தில் தேடிப் பதில் சொல்லும் வசதியை ஆன் செய்தாலும், யாரோ எப்போதோ எழுதிவைத்த எண்ணைத்தான் எடுத்துவரும். கருவி எந்த எண்ணைக் காட்டினாலும் 'இது எந்த ஊர், எந்த மாதம், யார் கொடுத்தது' என்ற மூன்றுக்கும் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தக் கட்டத்தைக் காலி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இலவசம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக் காசு கொடுத்து வாங்கப் போனேன். வெளிநாட்டுக் கருவி ஒன்று, கீவேர்டுக்கென்றே செய்த ஏஐ என்று சொன்னது. சோதனைக் காலத்தில் ஆங்கிலச் சொற்களைப் போட்டுப் பார்த்தபோது நன்றாகவே வேலை செய்தது. கிளை கிளையாகப் பிரித்துக் காட்டியது, கேள்விகளைத் தனியாக அடுக்கியது. இவ்வளவு செய்கிறதே என்று வருடச் சந்தா கட்டினேன், இரண்டு மாதம் இலவசம் என்ற ஆசைகாட்டலும் சேர்ந்துகொண்டது. தமிழுக்கு மாற்றிய பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. முதல் பட்டியலில் மேலேயே 'குளிர் அழுத்தப்பட்ட நிலக்கடலை எண்ணெய்' என்று வந்தது. அடுத்தது 'மர அழுத்த எண்ணெய் ஆன்லைனில் வாங்கவும்'. எங்கள் ஊரில் எந்த வீட்டில் இப்படிப் பேசுவார்கள்? ஆங்கிலப் பட்டியலை அப்படியே மொழிபெயர்த்து, ஆங்கிலச் சொல்லுக்கான எண்ணைத் தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். நம் ஆட்கள் 'செக்கு எண்ணெய்', 'செக்கெண்ணெய்', 'மரசெக்கு கடலை எண்ணை' என்று சந்தி போட்டும் போடாமலும், ணெ-யும் ணை-யும் மாறி மாறி அடிப்பார்கள். அதைவிட அதிகம் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள், அதிலும் ஆளுக்கு ஒரு ஸ்பெல்லிங். இந்த ஓடைகள் எல்லாம் ஒரே வாடிக்கையாளர் கூட்டத்திலிருந்துதான் வருகின்றன என்பது அந்தக் கருவிக்குத் தெரியவே இல்லை.

அப்புறம் அந்த 'கடினம்' என்ற கட்டம். கிட்டத்தட்ட எல்லாக் கருவியிலும் 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண் இருக்கும், எண் குறைந்தால் சுலபமாக முதல் பக்கத்துக்கு வரலாம் என்று அர்த்தம். எனக்கு வந்த தமிழ்ச் சொற்களில் பெரும்பாலானவை 0, 1, 2 என்று பச்சை நிறத்தில் மின்னின. தங்கச் சுரங்கமே கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் இந்த மதிப்பெண் எப்படிப் போடப்படுகிறது என்று பார்க்க வேண்டும். உதாரணமாக ஏரெஃப்ஸ் என்ற கருவி தன் மதிப்பெண்ணை, முதல் 10 இடத்தில் இருக்கும் பக்கங்களுக்கு எத்தனை வெளித்தளங்கள் இணைப்புக் கொடுத்திருக்கின்றன என்பதை வைத்துக் கணக்கிடுவதாகச் சொல்கிறது. தமிழில் யாரும் யாருக்கும் அவ்வளவாக இணைப்புக் கொடுப்பதில்லை. அதனால் கணக்குப்படி எல்லாமே சுலபம். நிஜத்தில் அந்தச் சொல்லை என் போனில் தேடிப் பார்த்தால் மேலே யூடியூப் வீடியோக்கள், அடுத்து அமேசான், இந்தியாமார்ட், அதற்குக் கீழே பெரிய பத்திரிகைகளின் தளங்கள். சித்தப்பாவின் செக்கு எங்கே போய் நிற்கும்? ஒரு சொல் கடினமா சுலபமா என்பதை மதிப்பெண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் அளவுக் கடை ஒன்றாவது முதல் பக்கத்தில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் இறங்கலாம்.

இதே குழப்பம் கீவேர்டு பிளானரிலும் உண்டு. அதில் 'போட்டி' என்று குறைவு, நடுத்தரம், அதிகம் காட்டும் கட்டம் விளம்பரதாரர்களுக்கு இடையிலான போட்டி. இயல்பான தேடல் முடிவுகளுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பல ஏஐ கருவிகள் அந்தக் கட்டத்தை அப்படியே எடுத்து 'எஸ்இஓ போட்டி' என்று பெயர் மாற்றிப் போடுகின்றன. நான் வாங்கியதும் அப்படித்தான் செய்தது.

கிரெடிட் சமாச்சாரம் இன்னொரு எரிச்சல். மாதத்துக்கு இவ்வளவு கிரெடிட் என்று கொடுத்துவிடுவார்கள், அதை டோக்கன் கணக்கில், அதாவது ஏஐ எழுத்தை வெட்டிப் படிக்கும் துண்டுகளின் கணக்கில், கழிப்பார்கள். தமிழ் எழுத்துக்கு டோக்கன் அதிகம் செலவாகும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஓப்பன்ஏஐ 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ மாடலை அறிவித்தபோது ஒரு ஒப்பீடு காட்டினார்கள். ஒரே தமிழ் வாசகத்துக்குப் பழைய முறையில் 116 டோக்கன், புதியதில் 35. அதாவது கருவிக்குள் இருப்பது எந்த மாடல் என்பதைப் பொறுத்து, நம் கிரெடிட் மூன்று மடங்கு வேகத்தில் கரையலாம். எனக்கு மாதம் பாதி தாண்டுவதற்குள் தீர்ந்துவிடும். கூடுதல் கிரெடிட் தனியாக வாங்கினேன். தமிழில் வேலை செய்யப் போகிறீர்கள் என்றால் சோதனைக் காலத்திலேயே தமிழில் ஒரு முழு வேலையை ஓட்டி, எவ்வளவு கழிந்தது என்று பார்த்துவிடுங்கள். ஆங்கிலத்தில் போட்ட கணக்கு நமக்கு உதவாது.

எண்கள் தப்பு என்பதோடு போயிருந்தால் சந்தாப் பணத்தோடு முடிந்திருக்கும். அந்தக் கருவி ஒரு 'உள்ளடக்க நாட்காட்டி'யும் போட்டுக் கொடுத்தது. ஒரு கீவேர்டுக்கு ஒரு கட்டுரை. 'கடலை எண்ணெய் பயன்கள்', 'கடலை எண்ணெயின் நன்மைகள்', 'கடலை எண்ணெய் நன்மை தீமை' என்று ஒரே விஷயத்துக்கு மூன்று தலைப்பு. நான் எழுத ஆள் வைத்து, கட்டுரைக்கு இவ்வளவு என்று கொடுத்து எழுதி வாங்கினேன். மூன்றும் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு எதுவும் மேலே வரவில்லை. கூகுள் 2024 மார்ச்சில் தன் ஸ்பேம் விதிகளைத் திருத்தி, தேடலில் இடம் பிடிப்பதற்காகவே மொத்தமாகப் பக்கங்களை உற்பத்தி செய்வதைக் குற்றமாகச் சேர்த்தது. எழுதுவது மனிதனா இயந்திரமா என்பது அங்கே பிரச்சினையே இல்லை, படிக்கிறவனுக்குப் பயனில்லாமல் குவிப்பதுதான் பிரச்சினை. இந்த நாட்காட்டிகள் அந்தக் குழிக்குத்தான் வழிகாட்டுகின்றன. அதோடு ஒவ்வொரு பக்கத்துக்கும் பக்கத்தின் நிரலுக்குள் மறைவாக வைக்கும் 'மெட்டா கீவேர்ட்ஸ்' டேகுக்கு என்று இருபது சொல் தயாரித்துக் கொடுத்து அதற்கும் கிரெடிட் பிடித்தது. தரவரிசைக்கு அந்த டேகைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. அதைத் தயாரித்துத் தரும் கருவி எதுவானாலும் அதன் மற்ற பேச்சையும் கொஞ்சம் தள்ளியே வையுங்கள்.

உணவுப் பொருள் விற்கிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தேடல் எண்ணிக்கை அதிகம் என்று கருவி மேலே தள்ளிய தலைப்புகளில் பாதி வியாதி சம்பந்தப்பட்டவை. சர்க்கரை நோய் குணமாக இந்த எண்ணெய், மூட்டுவலி போக அந்த எண்ணெய், கொழுப்பைக் கரைக்க இன்னொன்று. உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்ய நம் நாட்டில் அனுமதி இல்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2018 விளம்பர விதிமுறைகள் அதைத் தெளிவாகவே தடுக்கின்றன. அமெரிக்காவில் உட்கார்ந்து செய்த கருவிக்கு இது தெரியாது, தெரிந்தாலும் அதற்குக் கவலை இல்லை. எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் நம் பெயரில் இருக்கிறது, நோட்டீஸ் வந்தால் பதில் சொல்வது சித்தப்பா. எழுதுகிற பையன் அனுப்பிய கட்டுரை ஒன்றில் 'புற்றுநோய்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு அன்றிரவே பல பக்கங்களைத் தூக்கினேன்.

பணம் போன வழியையும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். விலைப் பட்டியலில் 49 டாலர் என்று இருந்தால் அதை ரூபாய்க்கு மாற்றிப் பார்த்து 'நாலாயிரத்துச் சொச்சம்' என்று நினைப்போம். ஜிஎஸ்டி பதிவு எண் கொடுக்காமல் வாங்கினால் அதன்மேல் 18% வரி வரும். கார்டு கொடுத்த வங்கி அந்நியச் செலாவணிக்கென்று இன்னொரு பங்கு எடுக்கும், பல கார்டுகளில் அது 3.5% வரை போகிறது, அந்தக் கட்டணத்துக்கும் ஜிஎஸ்டி உண்டு. ஆக 49 டாலர் என்பது கிட்டத்தட்ட 60 டாலராகக் கையைக் கடிக்கும். அடுத்து தானாகப் பிடித்துக்கொள்வது. கார்டில் 15,000 ரூபாய் வரை மாதாமாதம் பிடிப்பதற்கு, முதல் தடவை அனுமதி கொடுத்துவிட்டால் அதன்பிறகு ஓடிபி கேட்க வேண்டியதில்லை. பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் வங்கி ஒரு செய்தி அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அது மற்ற விளம்பரச் செய்திகளோடு கலந்து கிடக்கும். இன்னொரு சிறிய கருவி எனக்கு அப்படித்தான் பல மாதம் ஓடியது; தளத்தில் 'ரத்து' பட்டன் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. கடைசியில் வங்கி ஆப்பில் இ-மேண்டேட் (தானாகப் பிடிக்க நாம் கொடுத்த அனுமதி) பகுதிக்குப் போய் அங்கேயே நிறுத்தினேன். கருவிக்காரனிடம் கெஞ்சத் தேவையில்லை, அங்கே நிறுத்தினால் நின்றுவிடும்.

ஐப்பசி பிறந்தாலே நல்லெண்ணெய் கேட்டு ஆர்டர் வரும், தீபாவளிக் குளியலுக்காக. அந்த வருடம் கடைக்கு நேரில் வந்தவர்கள் வந்தார்கள், தளத்தில் மட்டும் கூட்டம் இல்லை. அறுபதுக்கு மேற்பட்ட கட்டுரைகள் கிடக்கின்றன, வருகிறவர்கள் இல்லை. அந்த வாரம் ஊருக்குப் போயிருந்தபோது சித்தி போனில் ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு, 'ஏஞ்சாமி, எல்லாரும் ஒண்ணையேதான் கேக்கறாங்க. வடை சுட்டா எண்ணெ நுரைக்குதாம், கலப்படமான்னு கேக்கறாங்க. அத எங்கியாச்சும் எழுதிப் போட்டா என்ன?' என்றார். செக்குக் கடலை எண்ணெயைச் சுத்திகரிப்பதில்லை. அதில் தங்கிவிடும் ஈரமும் மற்ற நுண்பொருள்களும் சூட்டில் நுரைக்கும். சித்தி இதை ஒரு நாளைக்குப் பலமுறை விளக்கிக்கொண்டிருக்கிறார். நான் காசு கொடுத்து வாங்கிய எந்தப் பட்டியலிலும் 'நுரை' என்ற சொல்லே இல்லை.

அன்று ராத்திரி சர்ச் கன்சோலைத் திறந்தேன். கூகுளே இலவசமாகக் கொடுப்பது அது. நம் தளம் எந்தெந்தத் தேடலில் தலைகாட்டியது, எத்தனை பேர் தட்டினார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்று 16 மாதத்துக்கு வைத்திருக்கும். தளம் ஆரம்பித்த நாளில் இணைத்துவிட்டு அதன் பக்கமே போகாமல் இருந்திருக்கிறேன். ஒரு சின்ன தந்திரம் இங்கே உண்டு. தேடல் சொல் வடிகட்டியில் 'ரீஜெக்ஸ்' என்ற வகையைத் தேர்ந்தெடுத்து [அ-ஹ] என்று போட்டால் தமிழ் எழுத்தில் தேடியவை மட்டும் வரும். 'பொருந்தாதவை' என்று மாற்றினால் ஆங்கில எழுத்தில் தட்டியவை வரும். இரண்டையும் தனித்தனியாக இறக்கிப் பார்த்தால் உங்கள் வாடிக்கையாளர் எப்படித் தட்டுகிறார் என்பது பத்து நிமிடத்தில் புரியும். எங்களுக்கு வந்திருந்தவை: நுரை பற்றிய கேள்விகள், 15 கிலோ டின் விலை, 'இன்று கடலை எண்ணெய் விலை', தேங்காய் எண்ணெய் எத்தனை மாதம் கெடாமல் இருக்கும், நல்லெண்ணெய் ஏன் கசக்கிறது, கருப்பட்டி போட்டு ஆட்டியதா. எல்லாவற்றுக்கும் இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கத்தில் எங்கள் தளம் ஏதோ ஒரு பொருந்தாத பக்கத்தோடு நின்றுகொண்டிருந்தது. இதில் ஒரு குறை, மிகக் குறைவான ஆட்கள் தேடிய சொற்களைத் தனியுரிமைக்காக மறைத்துவிடுவார்கள், திரையில் 1,000 வரிசைக்கு மேல் காட்டவும் மாட்டார்கள். எங்களைப் போன்ற சின்னக் கடைக்கு அதுவே தாராளம்.

இப்போது நான் செய்வது இதுதான். கன்சோலில் இருந்து ஒரு பட்டியல், வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர் கேட்ட கேள்விகள் ஒரு பட்டியல். பிறகு போனில் மறைநிலைச் சாளரம் (இன்காக்னிட்டோ) திறந்து 'செக்கு எண்ணெய்' என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு அ, ஆ, இ என்று ஒவ்வொரு எழுத்தாகப் போட்டுப் பார்ப்பேன். கூகுள் தானாக நீட்டிக் காட்டுபவை பெரும்பாலும் ஆட்கள் நிஜமாகத் தேடுபவை. அளவு தெரிய வேண்டுமென்றால் கீவேர்டு பிளானரில் இடத்தைத் தமிழ்நாடு என்று சுருக்கிப் போடுவேன். விளம்பரத்துக்குச் செலவு செய்யாத கணக்குக்கு '100 – 1 ஆயிரம்', '1 ஆயிரம் – 10 ஆயிரம்' என்று வரம்பாகத்தான் காட்டும், பரவாயில்லை. நூறா ஆயிரமா என்று தெரிந்தால் எனக்குப் போதும், 720-ஆ 880-ஆ என்பதை வைத்து நான் என்ன செய்யப் போகிறேன். அங்கே பக்க உச்சி ஏலத்தொகை என்று ஒன்று இருக்கும், அதையும் பாருங்கள். ஒரு சொல்லுக்கு விளம்பரதாரர்கள் அதிகம் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள் என்றால் அதைத் தேடுகிறவன் வாங்க வருகிறான் என்று கொள்ளலாம். சீசன் பார்க்க கூகுள் டிரெண்ட்ஸ். அதில் வரும் 0 முதல் 100 என்பது ஒப்பீட்டு அளவு, ஆட்களின் எண்ணிக்கை அல்ல. தேடல் குறைவான தமிழ்ச் சொற்களுக்குக் கோடு தரையோடு படுத்துக் கிடக்கும், அதைப் பார்த்து யாரும் தேடவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கு ஏஐ ஓவர்வியூ (தேடல் முடிவுகளுக்கு மேலேயே கூகுளின் ஏஐ எழுதித் தரும் பதில்) வந்த பிறகு இன்னொன்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. வெறும் தகவல் கேள்விக்குப் பதில் மேலேயே கிடைத்துவிட்டால் ஆள் கீழே இறங்கி நம் பக்கத்தைத் தட்டப் போவதில்லை. தேடல் எண்ணிக்கை பெரிதாக இருந்தாலும் அதில் நமக்கு வருவது கொஞ்சம்தான். விலை, டின் அளவு, ஊருக்கு அனுப்புவார்களா போன்ற தேடல்களுக்கு இந்தப் பிரச்சினை குறைவு.

இத்தனை சொன்ன பிறகும் ஏஐயை நான் தூக்கி எறியவில்லை. அதற்கு ஏற்ற வேலை வேறு. கன்சோலில் இருந்து இறக்கிய சிஎஸ்வி அட்டவணைக் கோப்பைக் கொடுத்து, 'இதில் இல்லாத சொல்லைச் சேர்க்காதே, எண்ணை மாற்றாதே, ஒரே விஷயத்தைக் கேட்பவற்றை ஒரு குழுவாக்கு' என்றால் அரைநாள் வேலை காபி ஆறுவதற்குள் முடிகிறது. எண்ணெய், எண்ணை, ஆங்கில எழுத்துத் தமிழ், எழுத்துப்பிழை எல்லாம் ஒரே குடும்பம் என்று நன்றாகவே பிடித்துக்கொள்கிறது. ஒரு குழுவுக்கு ஒரு பக்கம், அவ்வளவுதான். அறுபது கட்டுரைகளை அப்படித்தான் பதினைந்து சொச்சம் பக்கங்களாக மடக்கி, பழைய முகவரிகளைப் புதியவற்றுக்குத் திருப்பிவிட்டேன். நுரைக்கான பக்கத்தைச் சித்தி சொல்லச் சொல்ல நானே எழுதினேன், அதில் ஒரு வீடியோவும் போட்டோம். இன்றைக்குத் தளத்துக்கு அதிகம் ஆள் கொண்டுவருவது அந்தப் பக்கம்தான். வாட்ஸ்அப் உரையாடலை ஏற்றுமதி செய்து ஏஐயிடம் கொடுப்பதாக இருந்தால் பெயர், போன் நம்பர், முகவரி எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கொடுங்கள். அது வாடிக்கையாளர் நம்மை நம்பிக் கொடுத்தது.

எப்படியும் ஒரு கட்டணக் கருவி வேண்டும் என்கிறவர்களுக்கு நான் இப்போது வைக்கும் சோதனை இது. கன்சோலில் நிஜமாகவே ஆள் கொண்டுவந்த தமிழ்ச் சொற்கள் ஒரு பத்தை எடுத்துக் கருவியில் போடுங்கள். உங்கள் கன்சோலில் மாதம் நூற்றுக்கணக்கில் தலைகாட்டிய சொல்லுக்கு அது 'தரவு இல்லை' என்றால், தமிழில் அதற்குக் கண் தெரியவில்லை. அடுத்து, யாருமே தேடாத ஒன்றை நீங்களே கட்டிப் போடுங்கள். நான் 'நீலக் கழுதைப்பால் செக்கு எண்ணெய் ஈரோடு' என்று போட்டேன். நான் காசு கட்டிய கருவி அதற்கு மாதம் 90 தேடல், கடினம் 4 என்று கூசாமல் சொன்னது. கையில் தரவு இருக்கும் கருவி இல்லை என்று சொல்லிவிடும், இட்டுக்கட்டும் கருவி இப்படி மாட்டிக்கொள்ளும். கடைசியாக, கருவி காட்டும் முதல் 10 முடிவுகளை உங்கள் போனில் வருவதோடு ஒப்பிடுங்கள். கொஞ்சம் முன்பின் இருக்கலாம், ஆனால் வேறு நாட்டு முடிவுகள் போல இருந்தால் விட்டுவிடுங்கள். இந்த மூன்றையும் சோதனைக் காலத்தின் முதல் நாளே செய்துவிடலாம். சோதனையில் தமிழைப் பூட்டி வைத்து, காசு கட்டினால்தான் திறப்போம் என்கிறவர்களிடம் போகவே போகாதீர்கள்.

வருடச் சந்தா வேண்டவே வேண்டாம். மற்ற கடைகள் எந்தச் சொற்களில் மேலே நிற்கின்றன என்று பார்க்க மட்டும் எப்போதாவது ஒரு பெரிய கருவிக்கு ஒரு மாதம் கட்டுகிறேன், தேவையானதை இறக்கிக்கொண்டு அந்த மாதமே நிறுத்திவிடுகிறேன். சொந்தத் தளத்தை மட்டும் பார்க்க ஏரெஃப்ஸின் வெப்மாஸ்டர் டூல்ஸ் இலவசம், தளம் உங்களுடையது என்று நிரூபித்தால் போதும். நிறுத்துவதற்கு முன்னால் பட்டியல்களை எல்லாம் சிஎஸ்வியாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், சந்தா முடிந்த மறுநிமிடம் உள்ளே விடமாட்டார்கள். ஜிஎஸ்டி பதிவு இருக்கிறவர்கள் பணம் கட்டும் பக்கத்தில் அந்த எண்ணைச் சேர்த்துவிட்டால் அவர்கள் வரி போடமாட்டார்கள். விற்பவருக்குப் பதில் வாங்குபவரே கட்டும் ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நாமே கட்டி உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். எங்கள் ஆடிட்டர் இதைச் சொன்னது எல்லாம் முடிந்த பிறகு.